ஊராரே நடத்தும் ஒளிபரப்பு

மொழி தோன்றிய நாள் முதலாகப் பேசுதலும் கேட்டலும் இருபாலார்க்கும் பொதுவான தொழிலாகவே இருந்து வந்தன. பேசியவன் கேட்டான், கேட்டவன் மறுமொழி சொன்னான். ஊர் மன்றமும் கோவில் வீதியும் வயல் வரம்பும் இவ்வுரையாடல் வளர்ந்த இடங்களாம். இருபதாம் நூற்றாண்டிலே வானொலியும் அதன்பின் தொலைக்காட்சியும் வந்தபோது இவ்வொழுங்கு மாறிற்று. இலங்கையில் 1925 ஆம் ஆண்டு டிசெம்பரிற் கொழும்பு வானொலி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1979 இற் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 இல் ரூபவாகினியும் தோன்றின. ஓரிடத்திலிருந்து ஒருவர் பேச, பல இலட்சம் பேர் கேட்கும் வியத்தகு ஆற்றல் மனிதனுக்குக் கிட்டியது. ஆயினும் கேட்கும் அப்பல இலட்சம் பேருக்கும் மறுமொழி கூறும் வாய்ப்பு இல்லாது போயிற்று.

இக்குறை நகரத்தானுக்கு அத்துணை உறைப்பதில்லை. அவன் வாழ்க்கையும் அவன் பேச்சும் ஓரளவேனும் திரையில் வருகின்றன. சிற்றூரானுக்கோ அது பெருங்குறையாகும். முல்லைத்தீவு மாவட்டத்து வற்றாப்பளையை எடுத்துக்கொள்வோம். வைகாசிப் பொங்கல் நாளிற் கண்ணகை அம்மன் கோவிலுக்குப் படக்கருவிகள் வருகின்றன, மறுநாட் போய்விடுகின்றன. 2009 ஆம் ஆண்டின் முற்பகுதியில் இவ்வூரை அடுத்த நந்திக்கடற் கரையோரம் உலகத் தொலைக்காட்சிகள் எல்லாவற்றிலும் இடம்பெற்றது. அப்படங்களில் நடந்தவர்களும் அழுதவர்களும் இம்மண்ணின் மக்களே. ஆனால் அவற்றுள் எதனைக் காட்டலாம், எதனைக் காட்டலாகாது என்று அவர்களை வினவியோர் மிகச் சிலரே. படத்துக்கு உட்பட்டோர் படத்துக்கு உரியோராக இருக்கவில்லை.

இந்த நிலையை மாற்றுதற்கு ஏதேனும் வழியுண்டா? உண்டு என்று உலகின் சில பகுதிகளிற் கடந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளாக மக்கள் செய்து காட்டியிருக்கின்றனர். ஊராரே தொண்டர்களாக நின்று நிகழ்ச்சி தயாரித்து, ஊரார்க்கே காட்டும் சமுதாயத் தொலைக்காட்சி என்பதே அவ்வழி. அதன் வரலாறும் இயல்பும் யாவை, நம்மூர்களுக்கு அது பொருந்துமா என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மீனவர் தீவொன்றின் கதை

இம்முயற்சியின் தோற்றுவாயைத் தேடிப் போவோமாயின், நாம் சென்று சேரும் இடம் வற்றாப்பளையைப் போன்றதொரு மீன்பிடி நிலமே என்பது வியப்புக்குரியது. கனடா நாட்டின் கீழைக் கோடியில், நியூபவுண்ட்லாந்துக்கு அணித்தாகப் போகோ என்னும் தீவு உள்ளது. 1967 ஆம் ஆண்டளவில் அங்கு ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வாழ்ந்தனர். மீன்பிடி நலிந்தது, உதவிப்பணத்தை நம்பி வாழ்வோர் தொகை பெருகிற்று. சிறு சிறு கரையூர்களில் வாழ்வோரை வேறிடங்களுக்குப் பெயர்த்துக் குடியேற்றுவதே அரசாங்கத்தின் கொள்கையாக இருந்தது. போகோ மக்களும் பெயர்க்கப்படலாம் என்னும் அச்சம் நிலவிற்று.

அவ்வேளையிற் கனடியத் தேசியத் திரைப்படச் சபையின் இயக்குநர் கொலின் லோ என்பார் அத்தீவுக்குச் சென்றார். நியூபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகத்தின் புறவிரிவுப் பகுதியை நடத்திய டொனால்ட் சினோடன் அவருக்குத் துணைநின்றார். அவர்கள் தீவைப் பற்றி ஒரு நீண்ட படம் எடுத்து நகரத்தாருக்குக் காட்டவில்லை. மாறாக, இருபதுக்கும் மேற்பட்ட குறும்படங்களை எடுத்தனர். ஒவ்வொன்றிலும் ஒரு மீனவரோ ஒரு குடும்பமோ ஒரு கூட்டமோ தம் கருத்தைத் தம் சொல்லிற் கூறினர். படம் முடிந்ததும் முதலிற் பார்த்தவர் அதிற் பேசியவரே. அவர் இசைந்த பின்னரே அது பிறர்க்குக் காட்டப்பட்டது. பின்னர் ஒவ்வோர் ஊர் மண்டபத்திலும் அப்படங்கள் திரையிடப்பட்டன.

விளைந்தது யாது? தீவின் ஊர்கள் சமயப் பிரிவாலும் பள்ளிக்கூடப் பிரிவாலும் தனித்தனியே கிடந்தவை. தம் துன்பம் தமக்கு மட்டுமே உரியதென ஒவ்வோர் ஊரும் எண்ணியிருந்தது. அயலூரான் அதே துன்பத்தை அதே சொற்களாற் கூறுவதைத் திரையிற் கண்டபோது அவ்வெண்ணம் தகர்ந்தது. படங்கள் மாகாணத் தலைநகருக்கும் கொண்டுசெல்லப்பட்டன. ஆட்சியாளர் தரப்பின் மறுமொழியும் படமாக்கப்பட்டுத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. மீனவர் கூட்டுறவுச் சங்கமொன்றை அமைத்தனர். தீவு காலியாக்கப்படவில்லை, அக்கூட்டுறவுச் சங்கம் இன்றும் இயங்குகின்றது. சங்கம் அமைந்தது படத்தினால் மட்டுமே என்று கூறுதல் மிகையாகும். மக்களிடம் இருந்த எண்ணத்தைப் படம் ஒன்றுசேர்த்தது எனலே பொருத்தம்.

பிற்காலத்திற் ‘போகோ முறை’ என உலகெங்கும் பேசப்பட்ட இம்முயற்சியிலிருந்து நாம் கொள்ளத்தக்க நெறிகள் மூன்று. பேசியவர் இசைவின்றிப் படம் வெளிச்செல்லாமை ஒன்று. எடுத்த படத்தை எடுத்த ஊரிலேயே முதலிற் காட்டுதல் இரண்டு. கேட்ட அதிகாரியின் மறுமொழியை ஊருக்குத் திருப்பிக் கொணர்தல் மூன்று. சமுதாய ஒளிபரப்பின் உயிர் இம்மூன்றிலும் உள்ளது. கருவிகளெல்லாம் அதற்கு உடல் மாத்திரமே.

தெருவுக்கு வாடகையாக ஓர் அலைவரிசை

போகோவிற் படமெடுத்தோர் திரைப்படச் சபையின் தொழிலாளரே. ஊராரே கருவியைக் கையிலெடுக்கும் காலம் அதே 1967 ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. ஒருவர் தோளிற் சுமந்து செல்லத்தக்க வீடியோக் கருவியை யப்பானின் சோனி நிறுவனம் அவ்வாண்டில் வெளியிட்டது. படச்சுருளைக் கழுவ வேண்டியதில்லை. எடுத்ததைத் தாமதமின்றிப் போட்டுப் பார்க்கலாம்.

கனடாவின் அம்முயற்சியிற் பணியாற்றிய ஜோர்ஜ் ஸ்ரோனி என்பார் அமெரிக்கா திரும்பி, ரெட் பேர்ன்ஸ் அம்மையாருடன் சேர்ந்து 1971 இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் மாற்று ஊடக மையமொன்றை நிறுவினார். அக்காலத்தில் அமெரிக்க நகரங்களிற் கேபிள் நிறுவனங்கள் வீடுவீடாகக் கம்பிவடம் இழுத்துத் தொலைக்காட்சி வழங்கி வந்தன. ஸ்ரோனி போன்றோர் எழுப்பிய வாதம் எளிமையானது. கம்பிவடம் செல்லும் தெரு யாருடையது? ஊருடையது. ஊரின் தெருவைக் கொண்டு பொருளீட்டும் நிறுவனம் அதற்கு ஈடாக ஊருக்கு என்ன தரும்? காசு மட்டும் போதாது; ஓர் அலைவரிசையும் தரவேண்டும்.

இவ்வாதம் சட்டத்தில் ஏறிற்று. பெருநகர்களின் கேபிள் நிறுவனங்கள் பொதுமக்களுக்கும் கல்விக்கும் உள்ளூராட்சிக்குமென அலைவரிசைகளை ஒதுக்கவேண்டும் என 1972 இல் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணையம் விதித்தது. 1979 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், ஆணையத்துக்கு அவ்வாறு விதிக்கும் அதிகாரமில்லை என்றது. 1984 ஆம் ஆண்டின் கேபிள் சட்டமோ, அத்தகைய அலைவரிசைகளைக் கேட்டுப் பெறும் உரிமையை நகராட்சிகளுக்கு அளித்தது. நிறுவன வருவாயில் நூற்றுக்கு 5 வீதம் வரை கட்டணம் பெறவும் இடம்தந்தது.

இந்நிலையங்கள் நடக்கும் முறை அறியத்தக்கது. ஊரவர் எவரும் சில நாட் பயிற்சி பெறுவர்; பயிற்சி முடித்தவர் படக்கருவியை இரவல் பெற்றுச் செல்வர்; முந்தி வந்தவர்க்கு முந்தி நேரம் என்னும் முறையில் நிகழ்ச்சி இடம்பெறும். நிலையத்தார் கருவியைக் காப்பர், கருத்தைத் திருத்தார். தயாரிப்பவர்க்குச் சம்பளம் இல்லை. சமையல், சமய உரை, பாடசாலை விளையாட்டு, நகரசபைக் கூட்டம் என்று அவரவர் அறிந்ததை அவரவர் காட்டுவர். இவற்றுட் பல நிகழ்ச்சிகள் கலைத்தரத்திற் குறைந்தவையே. ஆனால் ஒரு நகரசபைக் கூட்டம் தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டப்படாது காட்டப்படுவது எந்தப் பெரிய தொலைக்காட்சியிலும் காணக் கிடையாத ஒன்றன்றோ?

அண்டை நாட்டிலும் நம் நாட்டிலும்

செல்வநாட்டுக் கம்பிவடம் ஏழை நாட்டுச் சிற்றூருக்கு எவ்வாறு பொருந்தும் என வினவலாம். அதற்கு விடையாக நிற்பது குஜராத்தின் கேடா மாவட்டம். இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் 1975 இல் அங்குள்ள பிஜ் என்னும் கிராமத்தில் ஒரு கிலோவாற்று ஆற்றலுடைய சிறு ஒளிபரப்பியை நிறுவினர். ஏறக்குறைய நானூறு கிராமங்களிற் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. அவற்றிற் பெரும்பாலானவை பாற் கூட்டுறவுச் சங்கங்களின் பொறுப்பில் இருந்தன. கிராமத்தவரே நடிகராயினர். கூலிக் குறைவும் சாதிக் கொடுமையும் நாடகப் பொருளாயின. 1984 இல் யுனெஸ்கோ நிறுவனம் கிராமியத் தொடர்பாடலுக்கான பரிசை இம்முயற்சிக்கு அளித்தது. நாட்டளாவிய தொலைக்காட்சி வலுப்பெற்றபோது இச்சிறு நிலையம் தன் இடத்தை இழந்தது. 1990 அளவில் முயற்சி ஓய்ந்தது. சட்டப் பாதுகாப்பு இல்லாத நல்ல முயற்சி, நல்லோர் கைமாறும்போது மறைந்துவிடும் என்பதற்கு இது சான்றாகும்.

அப்பாதுகாப்பு இந்தியாவில் வானொலித் துறையிலேயே முதலிற் கிடைத்தது. வான் அலைகள் பொதுமக்களின் உடைமை என 1995 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 இற் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அந்நாட்டின் முதலாவது வளாகச் சமுதாய வானொலி எழுந்தது. 2006 இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் வழங்கப்பட்டது. நமக்கு மிக அணித்தாக, பாக்கு நீரிணையின் அக்கரையில், பாம்பனிலிருந்து 2016 முதலாகக் ‘கடல் ஓசை’ என்னும் வானொலி ஒலித்து வருகின்றது. காற்றின் விசை, அலையின் உயரம், மீன்வளம் பேணல் ஆகியவற்றை மீனவர் மொழியில், மீனவர் குடும்பத்து இளைஞரே பேசுகின்றனர்.

இலங்கையும் இத்துறையிற் பின்தங்கி இருந்ததன்று. மகாவலித் திட்டத்தின் கீழ்க் குடியேறியோருக்காக 1981 இல் மகாவலிச் சமுதாய வானொலி தொடங்கப்பட்டது. தயாரிப்பாளர் கிராமத்திற் சில நாள் தங்கி, மக்களோடு உண்டு உறங்கி, அவர் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்தனர். 1989 இற் கொத்மலையில் எழுந்த நிலையம் 1998 அளவில் உலகப் புகழ் பெற்றது. கேட்போர் அஞ்சலட்டையில் வினா எழுதுவர். அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடித் தாய்மொழியில் விளக்குவர். கணினியைக் கண்டறியாத தோட்டக்காரனும் விவசாயியும் அக்காலத்திலேயே இணையத்தின் பயனைத் துய்த்தனர். எனினும் இந்நிலையங்கள் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கிளைகளே. ஊராருக்குச் சொந்தமானவை அல்ல. மலையகத் தமிழர் பலர் வாழும் சூழலிற் கொத்மலை நிலையத்தின் நிகழ்ச்சிகளிற் பெரும்பாலானவை சிங்களத்திலேயே அமைந்தன. குடியிருப்பவனுக்கு உரிமை இல்லாத வீட்டில் எந்த அறை யாருக்கு என்பதை வீட்டுக்காரனே தீர்மானிப்பான்.

ஆயினும் நமது நீதிமன்றம் ஓர் உயர்ந்த கொள்கையை நிலைநாட்டியுள்ளது. ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நடத்திய முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்று 1995 இல் திடீரென நிறுத்தப்பட்டது. அதிற் பங்குபற்றிவந்த நேயரொருவர் வழக்குத் தொடுத்தார். பங்குபற்றும் நேயரின் பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என உயர் நீதிமன்றம் 1996 இல் தீர்த்தது. கேட்பவன் வெறுங் காதன்று, அவனுக்கும் வாயுண்டு என்பதே அத்தீர்ப்பின் பொருள். ஆனால் அக்கொள்கைக்கேற்ற சட்டம் பின்தொடரவில்லை. 1966 ஆம் ஆண்டின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டமும் 1982 ஆம் ஆண்டின் ரூபவாகினிக் கூட்டுத்தாபனச் சட்டமும் அரச நிலையங்களையும் தனியார் நிலையங்களையும் கருதி அமைந்தவை. ஊர்ச்சங்கமொன்று உரிமத்தோடு நிலையம் நடத்துதற்கெனத் தனிவகை அவற்றில் இல்லை.

வற்றாப்பளையின் முதல்

இனி நம்மூருக்கு வருவோம். ஒளிபரப்புக்கு வேண்டிய முதல் யாது? பணம் என்பர் பலர். கருவி என்பர் சிலர். மேலே கண்ட முயற்சிகளை நோக்குமிடத்து, ஊதியம் கருதாது ஒன்றுகூடி வேலை செய்யும் வழக்கமே முதல் என்பது தெளிவாகும். அம்முதல் வற்றாப்பளையிலும் முள்ளியவளையிலும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து கிடக்கின்றது.

வைகாசிப் பொங்கலையே பாருங்கள். பாக்குத்தெண்டலோடு ஆயத்தம் தொடங்குகின்றது. சிலாவத்தைத் தீர்த்தக்கரையிலே கடல்நீர் எடுக்கப்படுகின்றது. அது முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலுக்குக் கொண்டுவரப்பட்டு, அந்நீரில் விளக்கேற்றப்படுகின்றது. பின்னர் அம்மன் கோவிலில் திங்கட்கிழமைப் பொங்கல் நிகழ்கின்றது. யார் எதை எடுப்பது, யார் எங்கே நிற்பது, எவ்வேளையில் எது நிகழ்வது என்பவை எழுத்தில் இல்லாத விதிகளால் நடக்கின்றன. போர்க்காலத்தில் ஊரே இடம்பெயர்ந்து முகாம்களில் வாழ்ந்து மீண்ட பின்னரும் அவ்விதிகள் அழிந்தொழிந்துவிடவில்லை. கூத்தும் அத்தகையதே. முல்லை மோடியிற் கோவலன் கூத்தை ஆடுவோர் பகலில் வயலிலும் களப்பிலும் பாடுபடுவோர். இரவில் அண்ணாவியாரிடம் ஆட்டம் பழகுவோர். களரி அமைத்தல், உடுப்பு, ஒளி, மத்தளம், பின்பாட்டு என்னும் தொழிற்பிரிவு ஒரு கலையகத்தின் தொழிற்பிரிவுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. சனசமூக நிலையமும் மாதர் சங்கமும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் கணக்கு வைக்கவும் கூட்டம் கூட்டவும் பழகிய அமைப்புக்கள். கேடாவிற் பாற் சங்கம் செய்ததை இங்குச் சனசமூக நிலையம் செய்ய முடியாதா?

எதைப் படமெடுப்பது என்னும் வினாவுக்கு விடை ஊரிலேயே உள்ளது. மாரி காலத்தில் நந்திக்கடலில் வெள்ளம் பெருகுகின்றது. வட்டுவாகல் முகத்துவாரத்தை எப்போது வெட்டிக் கடலோடு சேர்ப்பது என்னும் கேள்வி எழுகின்றது. வயலில் நீர் ஏறுமோ என அஞ்சுபவனின் கணக்கு ஒன்று. களப்பில் இறால் வளரவேண்டும் எனக் கருதுபவனின் கணக்கு மற்றொன்று. இருவர் கூற்றையும் தனித்தனியே பதிவு செய்து, இருவரையும் ஒரே மண்டபத்தில் இருத்திக் காட்டினால் என்ன நிகழும்? கூட்டத்தில் ஒருவரையொருவர் இடைமறிக்கும் இடத்தில், படம் ஒருவர் பேச்சை மற்றவர் முழுமையாகக் கேட்கச் செய்யும். அதே படத்தை மாவட்டச் செயலகத்துக்கு எடுத்துச் சென்று, மறுமொழியைப் பதிவு செய்து வந்தால் போகோ முறை முழுமை பெறும். இதற்கு அடுத்தபடி அவசரமானது அண்ணாவிமாரின் அறிவைப் பதிவு செய்தல். வெள்ளமும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் போரும் ஏடுகளையும் கொப்பிகளையும் கொண்டுபோயின. எஞ்சியது முதியோர் நினைவிலேயே உள்ளது.

தடைகளும் விடைகளும்

கைத்தொலைபேசியும் இணையமும் எல்லோர் கையிலும் இருக்க, இன்னொரு நிலையம் எதற்கு என்று மாணவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. தொலைபேசி ஒவ்வொருவருக்கும் ஒரு வாயைத் தந்திருக்கின்றது. ஊருக்கு ஒரு பொதுச்செவியைத் தரவில்லை. ஒருவன் எடுத்த காட்சியை ஆயிரங் காதத்துக்கு அப்பால் இருப்பவன் பார்க்கின்றான். பக்கத்து வளவில் இருப்பவன் பார்ப்பதில்லை. அழும் தாயின் முகத்தை அவள் இசைவு கேளாமல் ஏற்றுகின்றான். பொறுப்புக் கேட்பார் இல்லை. அயல்நாட்டு நிறுவனமொன்று தன் விதியை மாற்றினால் ஓர் ஊரின் பதிவுகள் ஒருநாளில் மறைந்தும் போகலாம். சமுதாய ஒளிபரப்பு தருவது கருவியன்று, ஒழுங்கு: முறை வைத்து நேரம் பகிர்தல், இசைவு பெறுதல், மறுப்பவனுக்கு இடமளித்தல், பதிவைக் காத்தல்.

கட்சிப் பூசல் புகாதா என்பது மற்றொரு தடை. புகும். அதற்கு மருந்து வாயடைத்தல் அன்று. ஒருவர் பேசிய அதே நேரமும் அதே திரையும் மறுப்பவருக்கும் உரியதென முன்கூட்டியே எழுதி வைத்தலாம். தொண்டர் சோர்வர் என்பது மூன்றாவது தடை. இது உண்மையிலேயே கடினமானது. பொங்கலும் கூத்தும் நிலைத்து நிற்பது ஏன்? அவை ஆண்டில் ஒருமுறை, பருவமறிந்து வருகின்றன. ஆகவே நாளுக்கொரு நிகழ்ச்சி என்று தொடங்காமல், மாதம் ஒரு திரையிடல் என்று தொடங்குதல் சாலும்.

உரிமம் வரும்வரை காத்திருத்தல் வேண்டா. போகோவில் ஒளிபரப்பியே இருக்கவில்லை. ஊர் மண்டபமும் திரையுமே இருந்தன. பாடசாலை உயர்வகுப்பு மாணவர் பதிவு செய்ய, முதியோர் பொருள் சொல்ல, சனசமூக நிலையம் திரையிட, படிகளுள் ஒன்றை 2005 இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ போன்ற எண்ணிம ஆவணகத்தில் வைத்தால் முதற்படி கடந்ததாகும். அவ்வாறு செய்து பழகிய ஊர்கள் பலவாகும்போது, தமக்குரிய உரிமத்தைக் கேட்டுப் பெறும் வலிமையும் அவற்றுக்கு உண்டாகும். சட்டம் வழக்கத்தை உண்டாக்குவது அரிது. வழக்கம் சட்டத்தை உண்டாக்கியதே உலக வரலாறு.

கல்லூரியிற் கற்கும் இளைஞர் விடுமுறையில் தத்தம் ஊர்களுக்குச் செல்கின்றனர். பிறர் தம்மூரைப் பற்றி என்ன சொன்னார் என்பதை அவர்கள் நன்கு அறிவர். ஊர் தன்னைப் பற்றி என்ன சொல்கின்றது என்பதைக் கேட்டுப் பதிவதும், பதிந்ததை அவ்வூருக்கே முதலிற் காட்டுவதும் அவர்கள் செய்யத்தக்க தொண்டாகும். பேசியவர் இசைந்தாலன்றி ஒரு படமும் ஊரெல்லையைத் தாண்டலாகாது என்னும் விதியோடு அத்தொண்டு தொடங்குவதாக.